மிளகு கொடியிலேயே பழுக்கும் வீடு: சேர்வராயன் மலை நாட்குறிப்பு

சனி, சேலம்

மலை ஏறுவதற்கு முன் சேலத்தில் ஒரு நாள் தங்கிவிடுவது என் வழக்கம். நான் தங்கப்போகும் ஊரில் ஜெராக்ஸ் கடை கிடையாது, ஏடிஎம் கிடையாது. இரண்டுக்கும் ஏற்காடு ஊருக்குள் வர வேண்டும். அதற்கு பஸ் மனசு வைக்க வேண்டும்.

என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் உள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் நலவாழ்வு பற்றி எங்கள் குழு ஓர் ஆய்வு செய்கிறது. கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பேசுவது தமிழ்தான். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை, சித்தேரி, ஜவ்வாது என்று கிழக்கு மலைகள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சம் பேருக்கு மேல். தமிழ்நாட்டுப் பழங்குடி மக்களில் ஏறக்குறையப் பாதி இவர்களே. ஆனாலும் சென்னையில் "பழங்குடி ஆய்வு" என்றால் எல்லாரும் "நீலகிரியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நலவாழ்வை அளக்க எத்தனையோ படிவங்கள் இருக்கின்றன. எங்கள் குழு வேறு வழியில் போகலாம் என்று முடிவெடுத்ததற்கு ஓர் ஆஸ்திரேலியக் கதை காரணம். அங்கே பூர்வகுடிக் குழந்தைகளை அரசே வீட்டிலிருந்து பிரித்து எடுத்துப்போய் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது. 1970கள் வரை இது நடந்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2008இல். அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் சிலர் 1993 வாக்கில் அடிலெய்டில் ஒன்றுகூடி, ஒரு குடும்பத்தை மறுபடி எப்படிக் கட்டுவது என்பதற்குத் தாங்களே ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். ஆய்வாளர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். வந்து, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததன் கூடவே நின்று பதிவு செய்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த வரிசைதான். ஊர் முன்னால், ஆய்வாளர் பின்னால்.

இங்கே அப்படி நடக்குமா? போன முறை அனுமதி கேட்கத்தான் வந்தேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். யோசித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஊர்ப் பெயரை எழுதக் கூடாது, யார் முகமும் படத்தில் வரக் கூடாது. இரண்டும் அவர்கள் போட்ட நிபந்தனை. அதனால் படத்துக்குப் பதிலாக என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் அஸ்தம்பட்டிப் பக்கம் நடந்தேன். தட்டுவடை செட் ஒன்று. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும், மேலே இரண்டு விதச் சட்னி. வேறு ஊரில் செய்தால் ஏனோ சரியாக வருவதில்லை.

ஞாயிறு, மலைப்பாதை

ஏற்காட்டுக்கு இரண்டு ரோடு. அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு போவது சுற்றுலாக்காரர்களின் ரோடு. குப்பனூர் வழியாகப் போவது இன்னொன்று. கார் கூட்டம் குறைவு, வாந்தியும் குறைவு. நான் குப்பனூர் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா மடியில் ஒரு கோழி. பஸ் மேலே ஏற ஏற வெயில் மங்கி, காதுக்குள் "டப்" என்றது.

கொட்டச்சேடு தாண்டியதும் காப்பித் தோட்டம் கண்ணில் பட ஆரம்பித்துவிடும். உயரமாக சில்வர் ஓக், அதில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். அதற்கு முன் இங்கே சாமையும் கேழ்வரகும்தான். இப்போது ஊர்க்காரர்களுக்கு ஓர் ஏக்கர், அரை ஏக்கர் என்று சொந்தக் காப்பி இருக்கிறது. போதாதற்குப் பெரிய எஸ்டேட்டுகளில் கூலி வேலை.

நான் தங்கியிருப்பது மகளிர் குழுத் தலைவி வீட்டில். அவருடைய மாமியார், எண்பதைத் தொடுகிறவர், என்னை "கண்ணு" என்றார். நான் "ஆயா" என்றேன். உறவு முடிந்தது. ராத்திரி ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். வெல்லம் போட்ட வரக்காப்பி.

படுக்கும் முன் ஆயா கதை சொன்னார். காஞ்சியிலிருந்து சாமி கரிராமனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள். பெரியண்ணன் இந்த மலை, நடுவண்ணன் பச்சைமலை, சின்னண்ணன் கொல்லிமலை. எல்லா மலையிலும் இந்தக் கதையை ஏதோ ஒரு மாதிரி சொல்கிறார்கள். ஆயா முடித்த விதம்தான் புதுசு: "நீ பெரியவன் வூட்டுக்குத்தான் வந்திருக்குற. மத்த ரெண்டு பேருகிட்டயும் போயி, இங்க சோறு போடலன்னு சொல்லிறாத."

திங்கள், கோயில் திண்ணை

இன்று ஊர்க் கூட்டம். காலை எட்டு மணி என்றார்கள், பத்தரைக்குக் கூடியது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர், வயதானவர்கள் நாலைந்து பேர், மகளிர் குழுப் பெண்கள், ஓரமாகச் செல்போனோடு பையன்கள்.

முதல் கேள்வி ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. "இதுக்கு முன்னாடியும் எழுதிக்கிட்டுப் போனாங்க. அதுல என்னம்மா எழுதுனாங்க?"

நல்ல கேள்வி. இந்த மக்களைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அளவுகோலோடு வந்து தலையின் நீளம், மூக்கின் அகலம் எல்லாம் அளந்து குறித்துக்கொண்டு போனவர். 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் மலையாளிகளும் இருக்கிறார்கள். மூன்று அண்ணன் தம்பி கதையும் இருக்கிறது. கூடவே கல்யாண வழக்கங்கள் பற்றி, படிக்கிறவனுக்குக் கிளுகிளுப்பு வரட்டும் என்று எழுதியது போலச் சில வரிகளும் இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் பலர் மலைக்கே வராமல் அந்த வரிகளைத் திருப்பித் திருப்பி எழுதினார்கள். இதையெல்லாம் நான் சுருக்கமாகச் சொன்னேன்.

"மூக்கை அளந்தானா? எதுக்கு?" என்றார் பெரியவர். அளவை வைத்து மனிதர்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தலாம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள் என்றேன். பையன்கள் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு பெண் பேசினார். சில வருஷம் முன்னால் ஒரு முகாம் போட்டு எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்களாம். கையில் பஞ்சு வைத்து அனுப்பினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், முடிவு வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை. "என் புள்ளைக்கு அதுல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது" என்றார்.

இதைக் கேட்டபின் என் கையில் இருந்த திட்ட அறிக்கையை வாசிக்க வாய் வரவில்லை. பதிலாக ஹவாசுபாய் மக்களின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் சின்னச் சமூகம். சர்க்கரை நோய் அதிகமாக இருக்கிறதே என்று அவர்களே உதவி கேட்க, அரிசோனாவில் ஒரு பல்கலைக்கழக ஆட்கள் 1990 முதல் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்கென்று எடுத்த ரத்தத்தை மனநோய் ஆய்வுக்கும், அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தினார்கள். இந்தப் பள்ளத்தாக்கில்தான் நாங்கள் பிறந்தோம் என்று நம்புகிறவர்களிடம், அவர்கள் ரத்தத்தை வைத்தே, நீங்கள் வேறு கண்டத்திலிருந்து வந்தவர்கள் என்று எழுதினார்கள். அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் 2003இல் அதே பல்கலைக்கழகத்தில் ஓர் உரையைக் கேட்கப்போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு நடந்து, 2010இல் ஏழு லட்சம் டாலர் கொடுத்து சமரசம் ஆனது.

திண்ணையில் யாரும் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ரத்தம் திரும்பி வந்துச்சா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

வந்தது. மிச்சமிருந்த ரத்தத்தை ஊர்க்காரர்களே போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சொன்னேன். அப்புறம்தான் பேச்சு சூடு பிடித்தது.

மதியத்துக்குள் நிபந்தனைகள் ஆகிவிட்டன. ரத்தம், எச்சில், முடி எதுவும் எடுக்கக் கூடாது. பேச்சு மட்டும். எழுதிய தாள்கள் இந்த ஊரில் இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்துக்குப் போவது நகல். முடிவை முதலில் இந்தத் திண்ணையில் தமிழில் வாசிக்க வேண்டும், அதன் பிறகே வேறெங்கும். கேள்வி கேட்டுப் பதில் எழுதும் வேலையை ஊர்ப் பெண்களே செய்வார்கள், அதற்குக் கூலி உண்டு.

கனடாவின் முதல் குடிகள் 1998இல் வகுத்த விதிகளும் இதேதான். தரவு யாருடையது, யார் பிடியில், யார் பார்க்கலாம், எங்கே இருக்கும் என்று நான்கு தலைப்பு. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் எழுதிய ஆய்வு நெறியிலும் இந்தச் சத்தம் கேட்கும். அதையெல்லாம் படித்தவர் யாரும் இந்தத் திண்ணையில் இல்லை. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள்தான் இருந்தார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் உரசல். ஊர்க்கவுண்டர், "நான் சரின்னுட்டேன்ல, இனி வூடு வூடா எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ஊர்த் தலைவரின் சம்மதம் வேண்டும், ஆனால் அது ஒவ்வொருவரின் சொந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது. விளக்கினேன். அவருக்கு அது ரசிக்கவில்லை. எனக்கென்னவோ அந்த விதி சரியென்றே படுகிறது, இப்படிப்பட்ட ஊர்களில் இன்னும் சரி. சாயங்காலம் அவர் மருமகளே வந்து, "அக்கா, நான் இதுல வரல, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் நான் கேட்கவில்லை.

செவ்வாய், காப்பிக்காடு

பழம் எடுக்கும் காலம் இது. நவம்பரில் ஆரம்பித்தால் பிப்ரவரி வரை ஓடும். பகலில் ஊரில் கிழவிகளும் கோழிகளும்தான். பேச வேண்டுமென்றால் காட்டுக்குப் போ, இல்லையென்றால் இருட்டும் வரை காத்திரு. நான் இரண்டையும் செய்தேன்.

இடுப்பில் சாக்கு கட்டி, சிவந்த பழத்தை மட்டும் கிள்ளிப் போட வேண்டும். பச்சைக் காயும் கலந்து வந்தால் எடை போடும் இடத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் முகம் சுளிப்பார். கையை விட்டால் சிவப்பெறும்பு கடிக்கும். என் சாக்கைப் பார்த்து ஒரு பெண், "அக்கா, இதுக்குக் கூலி கேட்டீங்கன்னா நாங்கதான் உங்களுக்கு அபராதம் போடணும்" என்றார்.

இரவு எட்டு மணிக்குக் குழுக் கட்டடத்தில் கூடினார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள், தூங்கி விழும் குழந்தைகள். நான் கொண்டுவந்த படிவத்தை முதலில் எடுத்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு. கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு நேரம் உற்சாகமாக இருந்தீர்கள், அமைதியாக இருந்தீர்கள், சுறுசுறுப்பாக இருந்தீர்கள், எழும்போது களைப்பில்லாமல் எழுந்தீர்களா, அன்றாட வாழ்க்கையில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். உலகம் முழுக்கப் பயன்படுகிறது, மோசமான கருவி என்று சொல்ல மாட்டேன்.

"காலைல களைப்பில்லாம எந்திரிச்சீங்களா" என்று வாசித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு. பழம் எடுக்கும் மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் வேறென்ன செய்வார்கள்?

சிரிப்பு அடங்கியதும் தலைவி கேட்டார். "இது எனக்கா, வூட்டுக்கா?"

தனி ஆளுக்கு என்றேன்.

"என் வூட்டுக்காரரு கேரளாவுல இருக்காரு. அவரு போன் பண்ணுன அன்னிக்கு எனக்கு அஞ்சு. பண்ணாத அன்னிக்கு ஒண்ணு. இதுல எதைப் போடுவ?"

சரி என்று தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரே கேள்வி கேட்டேன். இந்த ஊரில் நல்லா இருக்கிற வீடு எது? பேர் வேண்டாம், எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூலையில் உட்கார்ந்திருந்த ஆயாதான் ஆரம்பித்தார். "எந்த வூட்டு மிளகு கொடியிலயே பழுக்குதோ, அந்த வூடு."

எனக்குப் புரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். விளக்கியபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது. மிளகுச் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால்தான் பறிக்கும் பக்குவம், தை மாசிக்கு மேல் ஆகும். ஆனால் அவசரப் பணம் தேவைப்படும் வீட்டுக்காரர் அதுவரை பொறுக்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் ஃபீஸ், சாவு, எதுவோ ஒன்று. பூப்பூத்த உடனேயே கொடியை வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். வியாபாரி சொன்னதுதான் விலை. தன் வீட்டு மரத்தில் வேறு ஆள் ஏணி வைத்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆக ஏணி வைத்து ஏறுகிறவன் யார் என்று பார்த்தாலே அந்த வீட்டில் இந்த வருஷம் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

கடன், சேமிப்பு, வருமானம் என்று எங்கள் படிவத்தில் மூன்று பக்கம் இருக்கிறது. அந்த மூன்று பக்கத்திலும் இது இல்லை.

அதன்பின் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். விடுதிப் பள்ளியில் படிக்கிற பிள்ளை லீவுக்கு வந்தால் பாட்டியோடு உட்கார்ந்து பேசுகிறதா, இல்லை செல்போனோடு ஒதுங்குகிறதா. மருமகளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்க முடிகிறதா. பெண் பிள்ளையைப் பதினெட்டுக்கு முன்னால் கட்டிக்கொடுக்கச் சொல்லி நெருக்கும்போது, "வேண்டாம்" என்று சொல்ல வீட்டில் ஒரு ஆளாவது இருக்கிறதா. இதைச் சொன்ன பெண்ணுக்கு இருபது வயதுகூட இராது. கையில் குழந்தை.

இன்னொருத்தி மெதுவாக, "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வூட்டுக்குள்ள சத்தம் வருதா வரலயான்னு பாருங்க" என்றாள். குடியைச் சொல்கிறாள். யாரும் அதை நீட்டவில்லை. ஆனால் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

கடைசியாக ராத்திரி பஸ். ராத்திரி ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால் 108 வரும், வந்து சேரும் வரை ரோட்டு முனையில் கட்டிலோடு காத்திருக்க வேண்டும். அதுவும் குடும்ப நலம்தானே என்று கேட்டார்கள். இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

பதினொன்றரைக்குத்தான் கலைந்தார்கள். நாளைக்கும் ஆறு மணிக்கு எழுந்து காட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

புதன், உச்சி

பெண்கள் இன்று லீவு கொடுத்துவிட்டார்கள், எனக்கு. தலைவியின் மகன், கல்லூரியில் படிக்கிறவன், சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனான். மலையின் உச்சி, 5,326 அடி. மேலே மேஜை போலத் தட்டையான புல்வெளி, காற்று ஆளைத் தள்ளும். கோயில் ஒரு குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குகை காவிரி வரைக்கும் போகிறது என்பார்கள். மே மாதத் திருவிழாவுக்கு எல்லா மலை ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

சுற்றிலும் செல்ஃபி எடுக்கும் கூட்டம். பக்கத்து மேடுகளில் மண் செங்கல் நிறத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து போயிற்று. சாமி மலை என்று அவர்கள் சொல்லும் இடத்தை வேறொருவர் கனிமம் என்று பார்த்த கதைக்கு ஒரு தனி நாள் வேண்டும்.

பையன் நிறையப் பேசினான். சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு அலைந்த அலைச்சல் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. அவனாவது பரவாயில்லை. அரசின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்களும் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. சேலம் இருக்கிறது. ஈரோடு இல்லை. பர்கூர் மலையில் இருக்கும் இதே மக்கள் பழங்குடி இல்லை என்று ஆகிவிட, அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி இரண்டே தொகுதிதான், இன்னொன்று சேந்தமங்கலம்.

இறங்கும்போது கேட்டான்: "அக்கா, வாச்சாத்தி பத்திப் படிச்சிருக்கீங்களா?"

படிக்காமல் என்ன. சித்தேரி மலையடிவாரம், அரூர் பக்கம். அதுவும் மலையாளிகளின் ஊர். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து ஊரையே சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

"எங்க அம்மாச்சிக்கு அந்த ஊர்ல சொந்தம் உண்டு. ஃபைலைத் தூக்கிக்கிட்டு யாரு வந்தாலும் அவங்க கதவைச் சாத்திருவாங்க" என்றான். போன முறை என் முன்னால் சாத்தப்பட்ட கதவுகளை நினைத்துக்கொண்டேன். பழங்குடிகள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி எழுதுவார்கள். எனக்கு அந்த வாக்கியத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இவர்களுக்கு என்ன கூச்சம்? ஆள் யார் என்று தெரியும் வரை கதவு திறக்காது, அவ்வளவுதான்.

வியாழன், பீரோ

இன்று ஆண்களோடு. ஊரில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், மிச்சப் பேர் திருப்பூரிலும் கேரளத்திலும். நலவாழ்வு என்றதும் இவர்கள் நேரே காப்பி விலைக்குப் போனார்கள். மழை நாளில் முன்பணம் வாங்கிவிட்டு, பழம் சிவந்ததும் பணம் கொடுத்தவனுக்கே குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டியிருப்பது. காட்டெருமை தோட்டத்தில் புகுந்தால் என்ன செய்வது. பெண்கள் சொன்ன பட்டியலை வாசித்துக் காட்டினேன். "சாயங்காலச் சத்தம்" வந்தபோது இருவர் எழுந்து பீடி பிடிக்கப் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், "அது இருக்கட்டும், அடிக்காதீங்க" என்றார். அந்த வரியை நீக்கிவிடாதீர்கள் என்ற பொருளில். அந்த இடத்தில் அவர் மீது எனக்கு மரியாதை கூடியது.

பிறகு தாள்களை எங்கே வைப்பது என்ற பெரிய விவாதம். குழுக் கட்டடத்தில் இரும்பு பீரோ ஒன்று இருக்கிறது. கணக்கு நோட்டும் டியூப்லைட்டும் கிடக்கும் பீரோ. அதன் ஒரு தட்டைக் காலி செய்தார்கள். இரண்டு சாவி. ஒன்று தலைவியிடம். இன்னொன்று யாரிடம் என்பதில் அரை மணி நேரம். ஊர்க்கவுண்டரிடம் கொடுக்கலாம் என்றது ஒரு கூட்டம். வேண்டாம், அவர் வீட்டுக்கே ஆட்கள் போய் "எங்க வூட்டுத் தாள்ல என்ன இருக்கு" என்று கேட்பார்கள் என்றது இன்னொரு கூட்டம். கடைசியில் அங்கன்வாடி அம்மாவிடம் என்று முடிவானது. அவர் இந்தப் பேச்சு முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் சுண்டலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

தாள்களில் பெயர் இருக்காது, எண் மட்டும் என்று ஏற்கெனவே முடிவு. ஆனால் இது சின்ன ஊர். விவரத்தைப் படித்தாலே எந்த வீடு என்று தெரிந்துவிடும். அதனால் மிளகுக் கேள்விக்கு "ஆம், இல்லை" மட்டும், காரணம் எழுத வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னார். ஆய்வு முறை வகுப்பில் இரண்டு மணி நேரம் எடுத்துச் சொல்லும் விஷயம் இது. அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வெள்ளி, மறுபடி சேலம்

இறங்கும்போது அடிவாரம் ரோடு. இருபது வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். கோரிமேட்டில் இறங்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

ஜெராக்ஸ் கடையில் புதுப் படிவத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். ஐந்து கேள்விக் குறியீட்டை முழுசாகத் தூக்கிவிடவில்லை. மற்ற மலைகளோடு ஒப்பிட அது வேண்டும், ஊரும் ஒத்துக்கொண்டது, பழம் எடுக்கும் மாதத்தில் கேட்க மாட்டோம் என்ற பேச்சின் பேரில். அது கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. முதல் பக்கம் ஊருடையது: மிளகு யார் பறித்தார்கள், விடுதிப் பிள்ளை, பிறந்த வீட்டு ஆள், பதினெட்டு வயது, சாயங்காலம், ராத்திரி பஸ்.

தட்டச்சுப் பையன் முதல் கேள்வியைப் பார்த்து, "இது விவசாயச் சர்வேயா மேடம்?" என்றான்.

எங்கள் குழுவின் மூத்தவரிடம் போனில் வாசித்தேன். மிளகுக் கேள்வியில் "ஆஹா" என்றார். பஸ் கேள்விக்கு, அது போக்குவரத்துத் துறை விஷயம், நலவாழ்வுக் குறியீட்டில் எப்படி வைப்பது என்று இழுத்தார். ஊரில் கேட்டுவிட்டு எடுக்கலாம், நானாக எடுக்க முடியாது, அப்படித்தான் பேச்சு என்றேன். இப்போதைக்கு இருக்கட்டும் என்றார்.

இனி இருக்கும் ஒரே தலைவலி கூலி. கேள்வி கேட்கப்போகும் நான்கு பெண்களுக்கும் ஒரு நாள் காப்பிக் கூலிக்குக் குறையாமல், அன்றன்றே கையில் பணமாகத் தர வேண்டும் என்பது ஊரின் பேச்சு. எங்கள் கணக்குப் பிரிவோ வங்கிக் கணக்கு, பான் கார்டு, மாதக் கடைசியில் மொத்தமாக என்கிறது. பிப்ரவரி பாதியில், பழம் எடுத்து முடிந்ததும் அடுத்த கூட்டம். அதற்குள் இது தீர வேண்டும். தீராவிட்டால் வர வேண்டாம் என்று தலைவி சொல்லிவிட்டார். ஆயா மட்டும், "நீ வா கண்ணு, களி தின்னுட்டுப் போ. நோட்டை மட்டும் கீழயே வச்சுட்டு வா" என்றார்.